பதினான்காவது ஆள்

இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டில் கம்பளி ஆலை வைத்திருந்த ஓல்ட்ராய்டு வீட்டுக்கு எஸ்தர் பெக் வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அந்த வீட்டின் இரண்டு பெண்களுக்கும் பிரெஞ்சு, பியானோ, பூகோளம் எல்லாம் சொல்லிக்கொடுத்தது அவள்தான். ஏழைப் பாதிரியாரின் மகள். அப்பா போனபின் அவளுக்கு மிஞ்சியது நல்ல பெயரும் ஒரு சாம்பல் நிறப் பட்டுக் கவுனும்தான்.

சம்பளம் வாங்குகிறவள் என்பதால் எஜமானர்களோடு மேசையில் உட்காரக் கூடாது. பாதிரியார் மகள் என்பதால் வேலைக்காரர்களோடு அடுக்களையிலும் உட்காரக் கூடாது. இந்த நியாயத்தைக் கண்டுபிடித்த மகராசன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் கண்டுபிடித்திருப்பான். தினமும் மாடிப் பாட அறைக்கு ஒரு தட்டு வரும். மூன்று மாடி ஏறுவதற்குள் கறி ஆறிப்போகும். அதைக்கூட எஸ்தர் பொறுத்துக்கொண்டாள். உப்பை இப்படித் தள்ளுங்கள் என்று சொல்ல எதிரே ஒரு முகம் இல்லையே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, வேலைக்காரி டோர்க்கஸ் மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"மிஸ், சீக்கிரம் பட்டுக் கவுனை மாட்டுங்க. விருந்துக்குக் கீழ கூப்பிடுறாங்க."

"என்னையா? எதுக்கு?"

"வீட்டாளுங்களையும் சேத்து எண்ணிப் பாத்தா பதிமூணு! பதிமூணு பேர் ஒரே மேசையில உக்காந்தா வருஷம் திரும்பறதுக்குள்ள ஒருத்தர் காலின்னு அம்மாவுக்கு மூஞ்சியே வெளுத்துப்போச்சு. ஒரு உசுரக் காப்பாத்துற புண்ணியம் உங்களுக்குத்தான், போங்க!"

தலை எண்ணிக்கைக்காகத்தான் என்று தெரிந்தும் எஸ்தருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. கவுனின் கொக்கிகளை டோர்க்கஸ்தான் மாட்டிவிட்டாள்.

அவளைக் கைபிடித்துச் சாப்பாட்டு அறைக்கு அழைத்துப் போகும் பொறுப்பு ஹிர்ஸ்ட் என்ற சாயப்பட்டறைக்காரருக்குக் கிடைத்திருந்தது. மனைவியை இழந்தவர், கூச்ச சுபாவி.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"விட்பி பக்கம். கடலோரம்."

"அடடே, எங்கம்மாவும் அந்தப் பக்கந்தான்! மீன்னா உயிர விடுவாங்க."

"இன்னிக்கும் மீன் இருக்காம்."

"அப்ப நாம ரெண்டு பேரும் பேச்சைக் குறைச்சுக்கிட வேண்டியதுதான்."

எஸ்தர் வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. ஹிர்ஸ்ட் கையை வளைத்து நீட்டினார், அவள் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு சீட்டு வந்தது. விருந்தாளிகளில் ஒரு பெரியவருக்குக் கால் வீங்கிவிட்டதாம், வரமுடியாதாம். திருமதி ஓல்ட்ராய்டின் உதடுகள் சத்தமில்லாமல் எண்ணின. இப்போது எஸ்தரோடு சேர்த்துத்தான் பதிமூன்று. பிறகு அவள் எஸ்தரிடம் வந்தாள்.

"மிஸ் பெக், சின்னவ இருமுற மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் போய்ப் பாருங்களேன்."

சின்னவள் இருமவில்லை என்பது இருவருக்கும் தெரியும். "சரிங்க மேடம்" என்று எஸ்தர் கையை விடுவித்துக்கொண்டாள். ஹிர்ஸ்ட் தலை வணங்கினார். தடுக்கவில்லை. அவருக்கும் மரியாதை தெரியும்.

மாடியில் தட்டு இல்லை. கீழே சாப்பிடுவாள் என்று சமையல்காரி எடுத்து வைக்கவில்லை. வேலைக்காரர்களைக் கூப்பிடும் மணியை இழுத்துக் கேட்க எஸ்தரின் மானம் இடம்கொடுக்கவில்லை. பட்டுக் கவுனோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

விருந்து முடிந்தபின் டோர்க்கஸ் வெறுங்கையோடு வந்தாள். வழக்கமான கேலி அவள் குரலில் இல்லை.

"அடுக்களைக்கு வாங்க மிஸ். மீன் சூடா இருக்கு. உங்களுக்கும் இடம் போட்டிருக்கோம். எல்லாரும் சேந்து உக்காரலாம், வாங்க."

எஸ்தருக்குக் கண் கலங்கியது. எழுந்தேவிட்டாள். ஆனால் பாதிரியார் மகள் அடுக்களையில் சாப்பிடுவதா? முப்பத்து மூன்று வருஷ வளர்ப்பு அவள் வாயைத் திறந்து பேசியது.

"ரொம்ப நன்றி டோர்க்கஸ். எனக்குப் பசியில்ல."

டோர்க்கஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப சரிங்க மிஸ்" என்று இறங்கிப் போனாள்.

எஸ்தர் கதவருகே போய் நின்றுகொண்டாள். இன்னொரு தடவை கூப்பிட்டால் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். அந்த வீட்டில் அவள் மேலும் ஆறு வருஷம் இருந்தாள். யாரும் கூப்பிடவில்லை.