நாற்பத்து மூன்று சிவப்புக் கற்கள்

நான் எழுதிக் கொடுத்த ஒரு வரியால் ஒரு பெண் புகுந்த வீட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. அந்த வரியில் தப்பு எதுவும் இல்லை. இன்று எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன். ஆனாலும் நகை டெஸ்டிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டால், முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

காளவாசலில் நான் டெஸ்டிங் சென்டர் வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. சின்ன இடம். தங்கத்தின் டச், அதாவது சுத்தம் எவ்வளவு என்று பார்க்க ஒரு எக்ஸ்ஆர்எஃப் மெஷின், கல் பார்க்க ஒரு மைக்ராஸ்கோப், கண்ணில் வைத்துப் பார்க்கிற லூப் இரண்டு. வருகிற நகைகளில் பாதிக்கு மேல் முத்திரை இல்லாத பழைய நகைகள்தான். ஹால்மார்க் இருந்தால் அவர்கள் ஏன் என்னிடம் வரப்போகிறார்கள்?

1. வியாழக்கிழமை வந்த அட்டிகை

கீழக்குயில்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கிற முத்தையா என்பவர் ஒரு அட்டிகையைக் கொண்டுவந்தார். அறுபது வயது இருக்கும். தை மாதம் மகளுக்குக் கல்யாணம், அம்மா வைத்துவிட்டுப் போன நகை, போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று வந்ததாகச் சொன்னார். அட்டிகையில் நாற்பத்து மூன்று சிவப்புக் கற்கள். பின்பக்கம் முழுக்கத் தகடு வைத்து மூடியது. எங்கும் ஒரு எழுத்தோ முத்திரையோ இல்லை.

தங்கம் தொண்ணூறு டச் காட்டியது. நல்ல தங்கம். கல்லை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பூமியில் விளைந்த சிவப்புக்கல் என்றால் உள்ளே ஊசி ஊசியாக இருக்கும், இருக்கிற கோடுகளும் நேராக இருக்கும். இதில் கிராமபோன் தட்டில் இருப்பதுபோல வளைந்த கோடுகள். ஒரு கல்லில் காற்றுக்குமிழியும் இருந்தது. நெருப்பில் உருக்கிச் செய்த கல், சந்தேகமே இல்லை. எட்டுக் கல் பார்த்தேன், எட்டும் அதேதான். ரிப்போர்ட்டில் ‘சிந்தெடிக் ரூபி’ என்று எழுதிச் சீல் வைத்தேன்.

முத்தையா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது இப்ப வர்ற கல்லா மேடம்?”

வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். “ஆமா, இப்பல்லாம் இதுதான் வருது” என்றேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

2. ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ்

பத்து நாள் கழித்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். கையில் நகை இல்லை, என் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் மட்டும் இருந்தது. பெயர் செல்வி. முத்தையாவின் தம்பி பாண்டியின் மனைவி.

நின்றுகொண்டே சொன்னாள். மாமியார் கடைசி எட்டு வருஷமும் அவள் வீட்டில்தான் இருந்திருக்கிறார். அட்டிகையும் அவள் பீரோவில்தான் இருந்திருக்கிறது. மாமியார் போன பிறகு, மூத்தவர் மகளுக்கு என்று அவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். என் ரிப்போர்ட் வந்ததும் முத்தையா பங்காளிகளைக் கூட்டிவைத்து, அதில் இருந்த அசல் பர்மாக் கல்லைச் செல்வி பிடுங்கிவிட்டு இப்போது வருகிற கல்லை வைத்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். பாண்டி வாயே திறக்கவில்லை. அன்று சாயங்காலமே அவள் திருப்பரங்குன்றத்தில் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“நீங்க எழுதுனதுல எம்புட்டு நிசம் மேடம்?”

எழுதினது அத்தனையும் நிஜம் என்றேன்.

“அப்ப நான் எடுத்திருக்கேன்னு சொல்றீகளா?”

ரிப்போர்ட்டில் அப்படி எழுதவில்லையே என்றேன்.

“அப்பிடித்தான் படிக்கிறாக.”

அவள் அழவில்லை. சண்டை போடவும் இல்லை. பதிலுக்காகக் காத்து நின்றாள். அப்போதுதான் முத்தையா கேட்ட கேள்வி எனக்குச் சரியாகப் புரிந்தது. அவர் கேட்டது கல் அசலா என்று இல்லை, எப்போது வந்த கல் என்று. அதை நான் பார்க்கவே இல்லை. பார்க்காத ஒன்றுக்கு வாய்க்கு வந்த பதிலைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். உருக்கிச் செய்த சிவப்புக்கல் நேற்று முந்தாநாள் வந்தது இல்லை. நூறு வருஷத்துக்கு மேலாகவே புழக்கத்தில் இருக்கிறது. இது எனக்குத் தெரியாததும் இல்லை.

அட்டிகையை மறுபடி பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்று அவளிடம் சொன்னேன். பார்த்த பிறகு அவளுக்குப் பாதகமாகவும் வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

“பாருங்க. எனக்கு என்ன பயம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதே தொழிலில் இருக்கிற ஒரு நண்பரிடம் போனில் பேசினேன். ரிப்போர்ட்டில் பிழை இல்லாதபோது நீங்களாக ஏன் போய் மாட்டிக்கொள்கிறீர்கள், வாயால் சொன்னதற்குச் சாட்சியா இருக்கிறது என்றார். அவர் சொன்னபடி விட்டுவிட எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் முத்தையாவுக்குப் போன் செய்தேன். அவர் முதலில் மறுத்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டுப் போனது அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லார் முன்னாலும் வைத்துப் பார்க்கிறேன், தனியாகப் பார்க்க மாட்டேன் என்று சொன்ன பிறகு சம்மதித்தார்.

3. திறந்து பார்த்த ஒரு கல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். ஒரு பக்கம் முத்தையாவும் பாண்டியும். மறு பக்கம் செல்வியும் அவள் அண்ணனும். எங்கள் தெருவில் கல் பதிக்கிற பத்தர் ஒருவரையும் வரச் சொல்லியிருந்தேன்.

முதலில் நகையின் வயதைப் பார்த்தேன். கண்ணிகள் ஒன்றோடொன்று உரசிப் பாதியாகத் தேய்ந்திருந்தன. பற்றவைத்த இடங்களை மெஷினில் காட்டினேன், காட்மியம் இல்லை. காட்மியம் சேர்த்துப் பற்றவைக்கிற கேடிஎம் முறை வருவதற்கு முந்தைய வேலை. நகை பழசு என்று சொன்னேன். ஆனால் இதை வைத்துக் கல்லும் பழசு என்று சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன்.

கல்லைச் சுற்றித் தங்கத்தை அமுக்கிப் பிடித்திருக்கிற விளிம்பைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டும். கல்லை எடுத்து மாற்ற வேண்டுமானால் அதை நெம்பாமல் முடியாது. நாற்பத்து மூன்றையும் லூப்பில் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. அத்தனை விளிம்பும் மழமழவென்று தேய்ந்து, ஒரே மாதிரி மங்கியிருந்தன. நெம்பின தடம் எதிலும் இல்லை.

அதைச் சொன்னதும் முத்தையா, “கைதேர்ந்த ஆளு செஞ்சா தெரியவா போகுது?” என்றார். நியாயமான கேள்வி. ஒரே ஒரு கல்லைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். கல்யாணத்துக்கு வைத்திருக்கிற நகை. அவர் அட்டிகையைத் தன் பக்கம் திருப்பினார்.

“தொறங்க. எந்தக் கல்லுன்னு நான் சொல்றேன்” என்று நடுவில் இருந்த ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

பத்தர் விளிம்பை நெம்பிக் கல்லை எடுத்தார். கல் பளபளக்க அடியில் வைத்திருந்த மெல்லிய ரேக்குத் தகடு கறுத்துப் போயிருந்தது. அதற்கும் கீழே அரக்கு காய்ந்து, ஊசி பட்ட ஓரம் பொடியாக உதிர்ந்தது. மீதியில் கல்லின் அடிப்பாகம் அச்சாகப் பதிந்திருந்தது. எடுத்த கல்லைத் திரும்ப வைத்தால் அந்தப் பள்ளத்தில் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. எட்டு வருஷத்துக்குள் மாற்றியிருந்தால் ரேக்கு இப்படிக் கறுத்திருக்காது, அரக்கிலும் கொஞ்சமாவது பிசுபிசுப்பு இருக்கும் என்றார் பத்தர்.

பிறகு அவர் புது அரக்கு வைத்துக் கல்லைப் பதித்துக் கொடுத்தார். லூப்பை முத்தையாவின் கையில் கொடுத்து அவரையே பார்க்கச் சொன்னேன். இப்போது பதித்த கல்லின் விளிம்பு மட்டும் பளிச்சென்று கோடு விழுந்து மின்னியது. மற்ற நாற்பத்திரண்டில் அந்த மினுக்கம் இல்லை. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தம்பியிடம் கொடுத்தார். பாண்டி லூப்பை வாங்கினாரே தவிரக் குனிந்து பார்க்கவில்லை. செல்வியைத்தான் பார்த்தார்.

“அப்ப ஆதியிலயே இந்தக் கல்லுதானா? எங்க ஆத்தாளுக்கு அவுக அப்பன் போலிய மாட்டியா அனுப்புனாரு?” என்று கேட்டார் முத்தையா. அவருக்கு அது பெரிய அடி என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் இந்தக் கல்லைத் தெரிந்தே ஆசையாக வாங்கினவர்கள் உண்டு, தெரியாமல் ஏமாந்தவர்களும் உண்டு, உங்கள் தாத்தா எந்த வகை என்று நகையைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது என்றேன்.

“நீங்கதான மேடம் இப்ப வர்ற கல்லுன்னு சொன்னீக?”

நான் மறுக்கவில்லை. “சொன்னேன்ணே. பாக்காமச் சொன்னேன். தப்பு என்னோடது” என்றேன். அதைச் செல்வியைப் பார்த்தும் ஒருமுறை சொன்னேன்.

முத்தையா எழுந்து, “வீட்டுக்கு வா தாயி” என்றார்.

“வாரேன் மாமா. பங்காளிகளக் கூட்டி வச்சுச் சொன்னீக. அதே ஆளுகளக் கூட்டி வச்சு இதையும் சொல்லுங்க. சொன்ன அன்னைக்கு வாரேன்.”

அவர் அட்டிகையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் அப்படிச் சொல்வார் என்று எனக்கு அப்போது நம்பிக்கை இல்லை.

4. பிறகு

இரண்டு வாரம் கழித்து முத்தையா கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார். பங்காளிகளைக் கூட்டிச் சொல்லிவிட்டதாகவும், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிக் கொடுத்த இரண்டாவது ரிப்போர்ட்டைத் தன் வாயாலேயே படித்துக் காட்டியதாகவும் சொன்னார். செல்வி மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டாளாம்.

கல்யாணத்துக்குப் போனேன். பெண் அந்த அட்டிகையைத்தான் போட்டிருந்தாள். பந்தியில் செல்வி எனக்குப் பாயசம் ஊற்றினாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். நன்றாக இருப்பதாகச் சொன்னாள். மாமியாரின் மற்ற நகைகள் எல்லாவற்றையும் மூத்தவர் வீட்டிலேயே ஒப்படைத்துவிட்டாளாம்.

“இனிமே யாரு சாமானும் ஏம்பீரோவுல வேணாம் மேடம்” என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள். அதை என்னால் சரிசெய்ய முடியவில்லை.

அதற்குப் பிறகு என் ரிப்போர்ட் படிவத்தை மாற்றினேன். கல் என்ன என்பது ஒரு வரி. நகையின் வயது தனி வரி. கல் மாற்றப்பட்ட அடையாளம் உண்டா இல்லையா என்பது இன்னொரு வரி. பார்க்காததற்கு நேராக ‘பார்க்கப்படவில்லை’ என்று எழுதுகிறேன். வாயால் கேட்டாலும் அதே பதில்தான். நாலு பேர் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

இன்னொன்றும் செய்கிறேன். இது எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தருவதில்லை. பழைய நகையோடு யாராவது வந்தால், மெஷினில் வைப்பதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: “இந்த ரிப்போர்ட்ட வீட்ல யாரெல்லாம் படிப்பாக?”