சொல்லி முடிக்கும்வரை

1991இல் கனகாம்பிகை பிளேஸ்டோவில், போருக்குத் தப்பிப் புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கான ஒரு ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் படிப்பித்து வந்தாள். அவளுடைய சிநேகிதி மிரியம் யூத ஆசிரியை. இஸ்ரேல், பாலஸ்தீனச் சண்டையைப் பற்றி மாணவர்களோடு எப்படிப் பேசுவது என்று யூத ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சிக்கு மிரியம் அவளையும் கூட்டிப்போனாள். வட்டமாக உட்கார வேண்டும், ஒருவர் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது என்றார்கள். அடுத்த ஞாயிறே கனகாம்பிகை அதைத் தன் வகுப்பில் செய்து பார்த்தாள்.

"ஊரில நடக்கிற சண்டையைப் பற்றி ஆரும் பயப்பிடாமச் சொல்லலாம்," என்றாள்.

பன்னிரண்டு வயதுச் சிவமலர் எழுந்தாள். "என்ர அப்பாவை ஆமி சுடேல்லை ரீச்சர். எங்கட தமிழ் இயக்கப் பெடியள்தான் சுட்டவங்கள்."

ஒருவரும் குறுக்கிடவில்லை. கனகாம்பிகைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுவாரம் நிர்வாகி தியாகராஜா அவளை வாசலிலேயே மறித்தார். "இயக்கம் சுட்ட துரோகியின்ர பிள்ளையைக் கதைக்க விட்டிருக்கிறியள். இனி இஞ்ச வராதேங்கோ."

சிவமலரையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தெருவில் தெரிந்தவர்கள் அவள் தாயைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கனகாம்பிகை மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனாள். தாய் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"வாய் திறக்காதை எண்டு ரெண்டு வருசமா அடிச்சு அடிச்சுப் பழக்கினனான். நீங்கள் ஆசையாக் கேட்டுச் சொல்ல வைச்சிட்டியள்."

உள்ளே நின்ற சிவமலரின் கன்னம் வீங்கியிருந்தது. கதவு சாத்தப்பட்டது.