ஒரு நூல் இறக்கம்

அடியில் கிடந்து பார்த்தவர்கள்தான் அவருக்கு அம்மி என்று பெயர் வைத்தார்கள். டைல்ஸ் ஒட்டுவது அவருக்குத் தொழில். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம், பழைய கிடங்கு ஒன்றில் ரப்பர் மெத்தை விரித்து ஜியு-ஜிட்சு பழகும் இடத்துக்குப் போவார். அங்கே குத்தும் கிடையாது, உதையும் கிடையாது. ஆளைச் சாய்த்து, மேலே ஏறி உட்கார்ந்து, எழவிடாமல் வைப்பதுதான் வித்தை. அப்படி மேலே உட்காரும் பிடியை மவுண்ட் என்பார்கள்.

அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பார்த்தால் ஒன்றும் மலை மாதிரி இருக்கமாட்டார், எழுபது கிலோதான். ஆனால் பதினெட்டு வருஷம் முட்டிபோட்டே சம்பாதித்த கால்கள். இரண்டு முட்டியையும் கீழே கிடப்பவனின் விலாவோடு ஒட்டிவைத்து, இடுப்பைத் தாழ்த்தி, நெஞ்சோடு நெஞ்சு படியவிட்டுவிடுவார். அவன் இடுப்பைத் தூக்கிக் குலுக்கினால் ஒரு கையை எட்டி ஊன்றிக்கொள்வார். அவன் மூச்சை வெளியே விடும்போது இவர் ஒரு நூல், கொத்தனார் கணக்கில் அரைக்கால் அங்குலம், இறங்குவார். அவன் மூச்சை இழுக்கப் பார்க்கும்போது அந்த ஒரு நூலைத் திருப்பித் தரமாட்டார். டைல்ஸ் பதித்த பழக்கம் அது. கல்லுக்கு அடியில் காற்று நிற்கக்கூடாது. பதித்த பிறகு விரல்முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். அடியில் காலியா நிறைவா என்று கைக்கே தெரிந்துவிடும்.

"அண்ணா, எறங்குங்கண்ணா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல!" என்று கீழே கிடப்பவர்கள் கத்துவார்கள்.

"பேசுறதுக்கு மூச்சு இருக்குல்ல? அப்ப இன்னும் கொஞ்சம் படு" என்பார்.

ஆனால் கீழே கிடப்பவன் 'முடியல, விடு' என்று கையால் இரண்டு முறை தட்டிவிட்டால் போதும், அந்த நொடியே எழுந்துவிடுவார். அதுதான் அங்கே சட்டம். ஏன், எதற்கு என்று கேட்கக்கூடாது. "தட்டுறவன் பொய் சொல்லமாட்டான்னு நம்பித்தான் ஒருத்தனுக்கு அடில ஒருத்தன் படுக்கிறோம்" என்று மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிடுவார்.

அவருடைய தம்பியும் இரண்டு வருஷம் கூடவே வந்து பழகினவன்தான். பிறகு அவனுக்கு மனசில் நோய் வந்தது. மாத்திரை சாப்பிடும் மாதங்களில் தங்கமான பிள்ளை. நிறுத்திவிட்டால் கண்ணில் படுபவரெல்லாம் அவனைக் கொல்ல வந்தவர்கள்.

முதல் தடவை அவன் அலமாரியைப் புரட்டிப்போட்டபோது அண்ணன்காரர் அவனைச் சாய்த்து மேலே உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். தம்பி அவர் முதுகில் இரண்டு தட்டு தட்டினான். யோசிக்கும் முன்னே உடம்பு எழுந்துவிட்டது. அவ்வளவுதான், அவரைப் புரட்டித் தள்ளிவிட்டு ஓடினான். வாசலில் நின்ற அம்மாவை இடித்துத் தள்ளியதில் அம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்தது.

"தட்டினா விடணும்ல? சட்டம்ண்ணா, சட்டம்!" என்று தெருவில் நின்று கை கொட்டிச் சிரித்தான்.

எலும்பு கோணலாகத்தான் கூடியது. அம்மா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. குடத்தை இடுப்பில் ஏற்ற முடியாமல் அவர் மருமகளைக் கூப்பிடும்போதெல்லாம் மூத்தவருக்குத்தான் வயிறு எரியும்.

அடுத்த தடவை வந்தது ஒரு மத்தியானம். யாரோ ஒருவரின் வீட்டுக் குளியலறையில் பாதிச் சுவர் பதித்திருந்தார். மனைவி போன் செய்தாள்.

"உங்க தம்பி கண்ணாடிய ஒடச்சு கையில வச்சிருக்காரு. அத்தைய உள்ள விட்டுப் பூட்டிட்டேன். ஓடி வாங்க."

முட்டியில் கட்டிய உறையைக்கூட அவிழ்க்காமல் ஓடினார். போனதும் கையைப் பிடித்துத் திருகினார், சில்லு கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. இடுப்பைக் கட்டிச் சாய்த்தார். மேலே உட்கார்ந்தார்.

"ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். பத்து நிமிஷமாம். நான் தெருமுனையில போய் நிக்கிறேன்."

"எறங்குடா! யாருடா நீ? எங்கண்ணன் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு வந்திருக்கியா?" என்று தம்பி முறுக்கினான். இவர் நெஞ்சைப் படியவிட்டார். சத்தம் மெல்ல அடங்கியது. அப்போதுதான் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது.

"போடா. ஒரு தடவை ஏமாந்தது போதும்."

"நெஜமா... அண்ணா..." மறுபடி இரண்டு தட்டு.

"அன்னிக்கும் இதே கைதான்டா தட்டுச்சு."

மூன்றாவது தடவை தட்டு முழுசாக விழவில்லை. ஒன்று விழுந்தது. அடுத்ததற்கு வந்த விரல்கள் முதுகிலேயே வழுக்கிக் கீழே போயின. இத்தனை வருஷம் தட்டிப் பார்த்தே பிழைத்த மனிதர். இது நிஜம் என்று அவருக்குத் தெரிந்தது. கூடவே அம்மாவின் கோணல் மணிக்கட்டும் கண்முன் வந்தது. தம்பி மிச்சமிருந்த மூச்சை விட்டான். அவர் ஒரு நூல் இறங்கினார்.

"எந்திரிங்க! எந்திரிங்கன்னு சொல்றேன்ல! மூஞ்சியே நீலமாப் போச்சு!" ஆம்புலன்சில் வந்த அம்மாள்தான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஒன்பது நாள் மெஷின்தான் தம்பிக்கு மூச்சு விட்டது. ஆண்டவன் உயிரைத் திருப்பிக் கொடுத்தான், முழுசாகக் கொடுக்கவில்லை. பேச்சு இழுத்துக்கொண்டு வந்தது. வலது கை மடங்கவில்லை.

"நீங்க இல்லேன்னா அன்னிக்கு உங்க வீட்டுல ரெண்டு உசுரு போயிருக்கும்" என்றார்கள் பக்கத்து வீட்டார். "பொய்யாத் தட்டினவனை யாரு நம்புவா? உன்மேல தப்பே இல்ல" என்றார் மாஸ்டர். அவர் யாருக்கும் மறுப்புச் சொல்லவில்லை. கிடங்குக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார். காலையில் சாமி முன்னால் நின்று நடந்ததைச் சொல்ல ஆரம்பிப்பார். முதல் தட்டு, இரண்டாவது தட்டு என்று வரும். அதற்கு மேல் வாய் வராது.

மாதம் நாலாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் உட்காரவைத்துத் தம்பிக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். அவன் தாடையில் நுரையோடு கேட்டான்.

"அண்ணா... அன்னிக்கு... நான் தட்டினேனா?"

இல்லை என்று சொன்னால் முடிந்தது. அவனுக்கு நினைவில்லை. பார்த்த சாட்சியும் மேலே இருப்பவனைத் தவிர வேறு யாருமில்லை. அவர் கத்தியை மூடிவைத்தார்.

"தட்டினே. மூணு தடவை. மூணாவது நெஜம்னு எனக்குத் தெரியும்."

"அப்புறம்... ஏன் விடல?"

"அம்மா கை ஞாபகம் வந்துச்சு."

சமையலறையில் அம்மா இடது கையால் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. தம்பி அந்தப் பக்கம் திரும்பினான்.

"அம்மாவுக்காகவா?"

"இல்லடா. அம்மா அப்படிக் கேக்கவே இல்ல. கோவம். என் கோவம்."

நுரை காய்ந்து தாடையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது.

"அம்மி" என்றான் தம்பி கடைசியில். கேலியா, திட்டா, முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. "தண்ணி குடு."

டம்ளரை அவர்தான் வாயில் வைத்துப் பிடித்தார். பாதி குடித்ததும் தம்பி இடது கையைத் தூக்கி அவர் முழங்கையில் இரண்டு தட்டு தட்டினான். அவர் வெடுக்கென்று கையை எடுத்ததில் மீதித் தண்ணீர் இரண்டு பேர் மேலும் கொட்டியது.