இடக்கையால் கொடுத்த அண்ணாச்சி

அரிசிச் சாக்கின் துணியைத் துவைத்து, உள்ளே பழைய பனியனை வைத்துத் தைத்த சின்னக் கையுறை அது. மேலே கறுப்பு நூலில் இரண்டு கண், ஒரு மூக்கு. தூத்துக்குடியில் குழந்தைகளுக்கான சிகிச்சை மையம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆத்தூரில் மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சி தன் ஐந்து வயது மகளுக்காக அதைத் தைத்துக்கொண்டு வந்தார். நாங்கள் கொடுத்தது முரடாக இருந்ததாம். "பிள்ளைக்குக் கை வேர்க்கும்லா டாக்டரம்மா" என்றார். நான் டாக்டர் இல்லை, விளையாட்டுக் காட்டிக் கையைப் பழக்குகிறவள் மட்டும்தான் என்று எத்தனை தடவை சொல்லியும் அந்தப் பட்டத்தை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை.

மகளுக்குப் பிறவியிலேயே இடப்பக்கம் பலம் குறைவு. முழங்கை மடிந்து, கட்டைவிரலை உள்ளே வைத்து விரல்கள் மூடியிருக்கும். எல்லா வேலையையும் வலக்கையே பார்த்துவிட்டால் இடக்கை எழுந்திருக்காது. அதனால் தினமும் இரண்டு மணி நேரம் வலக்கைக்குக் கையுறை, இடக்கைக்கு விளையாட்டு. எங்கள் வண்ணக் கட்டைகளை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடை விளையாட்டு என்றால்தான் முகம் மலரும். புளியங்கொட்டையை அள்ளிக் காகிதத்தில் போட்டு நீட்டி, "வேற என்ன வேணும்?" என்று அப்பாவின் குரலிலேயே கேட்பாள். வீட்டிலும் அதையே விளையாடச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு மாதமாயிற்று. அண்ணாச்சி நோட்டில் ஒரு நாள்கூட விடாமல் 'இரண்டு மணி நேரம்' என்று எழுதிக்கொண்டு வந்தார். கையில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. இந்த வயதைத் தவறவிட்டால் அப்புறம் பழக்குவது கஷ்டம் என்று எனக்குப் பயம். மனுஷன் பொய் எழுதுகிறார் என்றே முடிவு கட்டி, ஒரு சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் ஆத்தூருக்கு பஸ் ஏறினேன்.

அவர் பொய் எழுதவில்லை. பிள்ளை கையுறையோடு கடைக்குள் உட்கார்ந்து இடக்கையால் புளியங்கொட்டை அள்ளிக்கொண்டிருந்தாள். ஆனால் பொட்டலத்தை நீட்டும் நேரம் வந்ததும் அண்ணாச்சி ஓடிவந்து கையுறையை உருவினார். வலக்கையால் நீட்டினாள். மறுபடி மாட்டிவிட்டார். அவரிடமிருந்து அவள் பிஸ்கட் வாங்கும்போதும் அதே கதை. முழங்கையை விரிக்க வைப்பதே கொடுக்கல் வாங்கல்தான். அது மட்டும் நடக்கவே இல்லை. ஏன் என்று கேட்டேன். திகைத்துப்போனார்.

"இடக்கையால குடுக்கலாமா டாக்டரம்மா? கடைக்காரன் பிள்ளை. நாளைக்கு ஊரு ஏசும்லா?"

"ஊருக்குப் பயந்து பிள்ளை கைய மடக்கிப் போட்டுட்டீங்களே அண்ணாச்சி!"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் சுருங்கியதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இடக்கையால் நீட்டியதற்கு என் வீட்டில் நானும் அடி வாங்கியவள்தானே. முதல் நாளே இதைப் பேசியிருக்க வேண்டியது நான்.

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலக்கையில் சுற்றிக்கொண்டார். சீனி வாங்க வந்திருந்த எதிர்வீட்டு வாத்தியாருக்கு இடக்கையால் பொட்டலத்தை நீட்டினார். வாத்தியார் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, விளக்கு வைக்குத நேரத்துல இடக்கையால தாரீரு?"

"பிள்ளைக்கு வைத்தியம் சார். அவ கை நிமிருத வரைக்கும் இந்தக் கடையில இப்படித்தான். வாங்கிக்கிடுங்க."

பிள்ளை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாத்தியார் ஒருவழியாக வாங்கிக்கொண்டு படியிறங்கினார். உடனே அவள் தன் புளியங்கொட்டைப் பொட்டலத்தை இடக்கையில் இடுக்கிக்கொண்டு, "சார், இதையும் வாங்கிக்கிடுங்க" என்று அவர் பின்னாலேயே ஓடினாள்.

இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். கை முழுக்கச் சரியாகவில்லை. சின்னப் பொத்தான்கள் இன்னும் அவளைப் படுத்துகின்றன. போன மாதம் கடைக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி பழக்கதோஷத்தில் எனக்கு ஒரு கருப்பட்டியை இடக்கையால் நீட்டினார். பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த மகளுக்கு வந்ததே கோபம். "கடைக்கு வாரவங்களுக்கு இடக்கையாலயா குடுப்பீங்க? எத்தனை தடவைப்பா சொல்லுதது?" என்று அதைப் பிடுங்கி என் பக்கம் நீட்டினாள். அவளுடைய வலக்கையில் நூல்கண்டு இருந்தது. எந்தக் கையால் கொடுக்கிறோம் என்று அவள் கவனிக்கவில்லை. அண்ணாச்சியும் நானும் நீண்டிருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.