கொளுத்தலாமா என்று ஜெயக்கொடியைக் கேட்டோம்

தினமும் காலையில் என் கைபேசிக்கு வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்று வரும். அல்லிநகரத்திலிருந்து என் ஓரகத்தி ஜெயக்கொடி அனுப்புவார். அன்றைக்குப் படம் வரவில்லை. அவர் கணவர், என் கொழுந்தனார், கூப்பிட்டார்.

"மதினி, ஜெயக்கொடி எந்திரிக்கல."

"இன்னும் படம் வரலையே தம்பி" என்றேன் நான். அவர் சொன்னது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை.

ஜெயக்கொடி என்னைவிட இளையவர். ஆனாலும் இன்று அவரை ஒருமையில் எழுதக் கை வரவில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தார். ஒரு கோடையில் மலையில் தீப்பிடித்து, கூடலூரில் எங்கள் வீடு வரை புகை இறங்கியது. என் கணவருக்கு இழுப்பு வந்து மூச்சு முட்டியது. பார்க்க வந்த ஜெயக்கொடி, ஊருக்குத் திரும்பிப் போய் செயற்கைக்கோள் படங்களைத் தேட ஆரம்பித்தார். யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குத்தான் அவர் சொல்லித் தந்தார்.

"மேகம்னா வெள்ளையா, ஓரம் வெட்டுன மாதிரி இருக்கும்க்கா. புகைன்னா ஒரு முனையில தொடங்கி காத்துப் போற பக்கம் விரியும். முனையைப் பிடிச்சா அங்கன தீ. பழுப்பா பரந்து கிடந்தா மண்ணுத் தூசி."

மளிகைக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிறவள் நான். எனக்கு அந்த முனை ஒருநாளும் பிடிபட்டதில்லை.

அவரும் ஒருமுறை ஏமாந்தார். படத்தில் மலையடிவாரத்தில் வரிசையாக, தீயைக் காட்டும் சிவப்புப் புள்ளிகள். காட்டுத்தீ என்று வனத்துறைக்குத் தகவல் சொல்லி, ஆட்கள் ஓடி வந்து பார்த்தால், திராட்சைத் தோட்டக்காரர்கள் கவாத்து செய்து வெட்டிப் போட்ட குச்சிகளை ஒரே நாளில் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். அதில் எங்கள் தோட்டமும் ஒன்று.

"மேல இருந்து தம்பி பொண்டாட்டி பாக்குது. எல்லாரும் வேட்டிய ஒழுங்காக் கட்டுங்கப்பா" என்று என் கணவர் சிரித்தார்.

"வேட்டி தெரியாது மச்சான். நீங்க வச்ச தீ தெரியுது. அந்தப் புகையைக் குடிச்சிட்டுத்தான் ராத்திரி இழுத்துக்கிட்டுக் கெடக்கீக."

அதற்குப் பிறகு ஜெயக்கொடியைக் கேட்காமல் எங்கள் வீட்டில் குச்சி கொளுத்துவதில்லை. மலைப் புகை ஏற்கெனவே பள்ளத்தாக்கில் தங்கியிருந்தால் வேண்டாம் என்பார். சில நாள், "எனக்கே தெரியலக்கா, மேகம் மறைக்குது" என்பார். அப்படிச் சொல்ல அவர் வெட்கப்பட்டதில்லை.

இந்த முறையும் கவாத்து முடிந்து குச்சிகள் குவிந்து கிடந்தன. அப்படியே விட்டால், ஈரம் பட்டதும் இலையைக் கருக்கும் செவட்டை நோய் அதிலிருந்து கொடிக்கு ஏறும். மலை மங்கலாக இருந்தது. அவர் இறப்பதற்கு முந்தின சாயங்காலம் கேட்டேன். "காலைப் படம் பாத்துச் சொல்றேன். மச்சான் மாத்திரை போட்டாகளா?" என்றார். அவர் என்னிடம் பேசியதில் கடைசி அதுதான்.

மாரடைப்பு என்றார் டாக்டர். புகையை நினைத்தே போய்விட்டார் என்றார்கள் தெருவில். அல்லிநகரத்தில் அன்று புகையே இல்லை என்கிறார் கொழுந்தனார். எதை நம்புவது என்று எனக்கு விளங்கவில்லை.

அடக்கம் முடிந்து வீடு திரும்பினோம். செவட்டைக்குப் பயந்து என் கணவர் தீப்பெட்டியோடு குவியலருகே நின்றார்.

"கொளுத்தவா, வேணாமா?"

ஜெயக்கொடி சொல்லித் தந்தபடியே படத்தைத் திறந்தேன். கூடலூர் மேலே சாம்பல் நிறத்தில் ஏதோ கிடந்தது. முனையைத் தேடினேன். இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"எனக்குத் தெரியலைங்க."

கணவரும் வாங்கிப் பார்த்தார். இருமினார். பிறகு குவியல் மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டு மூடினார். "பாத்துச் சொல்றேன்னு சொல்லுச்சுல்ல" என்றார், நான் ஏதோ மறுத்துப் பேசிவிட்டது போல.

தீட்டு என்பதால் கோயிலுக்குப் போக முடியாது. வாசலில் நின்று மாரியம்மன் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன். மழை கேட்டால் மலைத்தீ அணையும், தளிருக்குச் செவட்டை வரும். கேட்காமல் விட்டால் புகை நின்று வீட்டில் இழுப்பு. என்ன கேட்பது என்று தெரியாமல், உங்கள் பெயரை மட்டும் சொன்னேன், ஜெயக்கொடி. போய் வாருங்கள்.