சீலை கட்டிய கரத்தை

என் வாப்பாவுக்குப் பிரயாணம் பிடிக்காது. அதை அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. கண்டி டவுனில் இரும்புக்கடை வைத்திருந்தவர். பக்கத்துக் கட்டுகஸ்தோட்டை வரைக்கும் போவதென்றாலும் கப்பலேறப் போகிறவரைப் போல முகத்தை வைத்துக்கொள்வார். தனியாகப் போனால் பஸ்ஸில் ஏறிப் போய் வந்துவிடுவார். எங்களையும் கூட்டிக்கொண்டு போவதென்றால்தான் கஷ்டம். பெண்களை ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் போவது அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு மரியாதை இல்லை. அதனால் மாட்டு வண்டிதான், கரத்தை என்போம். கரத்தைக் கூண்டுக்கு முன்னாலும் பின்னாலும் வெள்ளைச் சீலை கட்டவேண்டும். சீலைக்கு உள்ளே உம்மாவும் நாங்களும். சீலைக்கு வெளியே, முன்பக்கத்தில், வாப்பாவும் கரத்தைக்காரரும்.

உம்மாவின் தாய்வீடு அக்குறணையில் இருந்தது. பஸ்ஸில் போனால் ஒரு மணித்தியாலம்கூட எடுக்காது. ஆனால் உம்மா அங்கே போய்ப் பல வருஷமாகிவிட்டது. வாப்பா போகவிடவில்லை என்று சொன்னால் அது பொய். போகாதே என்று அவர் சொன்னதே இல்லை. புறப்படுவோம். டவுன் எல்லையில் இருக்கும் மஹய்யாவையைத் தாண்டுவதற்குள் தங்கச்சி வாந்தி எடுப்பாள், திரும்புவோம். அடுத்த முறை மழை தூறும், திரும்புவோம். ஒருமுறை மாடு நடுரோட்டில் படுத்துக்கொண்டது, அதற்கும் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கும்போது வாப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

உம்மா வாயில்லாதவள் என்று யாரும் நினைக்கவேண்டாம். வீட்டுக்குள் அவள் வைத்ததுதான் சட்டம். கறியில் உப்பு கூட என்று வாப்பா சொன்னால், நாக்கைக் கழுவிக்கொண்டு வாங்க என்பாள். வாப்பாவும் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். ரோட்டில் இறங்கினால்தான் எல்லாம் மாறிவிடும். அந்நிய ஆண்களின் காதில் அவள் குரல் விழக்கூடாது. அதனால் கையில் விசிறி வைத்திருப்பாள். விசிறிக் காம்பால் சீலையோடு சேர்த்து வாப்பாவின் முதுகில் ஒரு குத்துக் குத்தினால் கரத்தையை நிறுத்தச் சொல்கிறாள் என்று அர்த்தம். வாப்பாவுக்கு அந்தப் பாஷை நன்றாகத் தெரியும்.

அந்த முறை போனது சாச்சியின் கலியாணத்துக்கு. சாச்சி உம்மாவின் கடைசித் தங்கச்சி. உம்மாவின் மடியில் வளர்ந்தவள். மறுநாள் கலியாணம். நாங்கள் போய்ச் சேரும் அன்று பின்னேரம் மருதோன்றி போடவேண்டும், அதைத் தன் கையால்தான் போடுவேன் என்று உம்மா ஆளனுப்பிச் சொல்லியிருந்தாள். புறப்படுவதற்கு முதல்நாளே வாப்பாவைக் குசினிக்கு, அடுப்படிக்குக் கூப்பிட்டு, "வானம் இடிஞ்சி விழுந்தாலும் இந்த முற போறது. திரும்புற கத கதைக்க வாணாம்" என்றாள். வாப்பா தலையாட்டினார். அவர் தலையாட்டுவது எதற்கும் உத்தரவாதம் இல்லை.

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். எனக்கு ஏழெட்டு வயது. தம்பிக்கு நாலு முடிந்திருந்தது. தங்கச்சி கைப்பிள்ளை. கரத்தைக்குள் மூட்டைகள், பலகாரப் பெட்டி, கோழி ஒன்று. கோழியின் கால் கட்டு அவிழ்ந்து அது என் மேலே ஏறியது. தங்கச்சி தன் வழக்கப்படி மஹய்யாவையில் வாந்தி எடுத்தாள். உம்மா சத்தம் போடாமல் ஒரு பழந்துணியால் துடைத்து, அதைச் சுருட்டி மூட்டைக்கு அடியில் தள்ளி, என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். வாப்பாவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் திரும்புவார்.

"என்ன வாசம் அடிக்கிது?" என்று முன்னாலிருந்து வாப்பா கேட்டார்.

"கோழி," என்றேன் நான். உம்மா என் தொடையைத் தட்டிக்கொடுத்தாள்.

தம்பிதான் தொல்லை. அவன் ஒருவனுக்கு மட்டும் சீலையின் இரண்டு பக்கத்திலும் இடம் இருந்தது. ஆண்பிள்ளை என்பதால் வாப்பாவோடு முன்னால் இருக்கலாம். சின்னப்பிள்ளை என்பதால் உம்மாவோடு உள்ளே இருக்கலாம். அவன் இரண்டிலும் இருக்கவில்லை. சீலைக்கடியால் நுழைந்து உள்ளே வருவான், ஒரு பலகாரத்தை எடுத்துக்கொண்டு திரும்ப நுழைந்து வெளியே போவான். மாட்டின் வாலைப் பிடிப்பான். மூத்திரம் என்பான். வெயில் என்று உள்ளே வருவான், இருட்டு என்று வெளியே போவான். என்னைச் சீலை ஓட்டையால் பார்க்கவும் அவன் விடவில்லை. அவனுக்கு முழு ரோடும் இருந்தது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஏறியதும் அவன் முன்னாலிருந்து கத்தினான். ஆற்றில் ஆனை. பாகர்கள் ஆனைகளைத் தண்ணீரில் சாய்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்களாம். நான் சத்தத்தைத்தான் கேட்டேன். "எறங்கு, எறங்கு" என்று அவன் வாப்பாவைப் பிடுங்கினான். வாப்பா, "வரக்குள்ள பாக்கலாம்" என்றார்.

பாலத்தைத் தாண்டிக் கடைத்தெருவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினார்கள். வாப்பா தம்பியையும் இறக்கிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனார். அங்கே அவருக்குத் தெரிந்த ஒரு மாட்டு வியாபாரி அகப்பட்டார். அவரும் அக்குறணைப் பக்கம் போகிறவர். ஏறுங்க நானா என்று அண்ணன் முறை வைத்து வாப்பா அவரையும் கூப்பிட்டார். முன்னால் இடம் இல்லாமல் போயிற்று. வாப்பா தம்பியிடம், "நீ உள்ளுக்குப் போ" என்று சொன்னார். அது எங்களுக்கும் கேட்டது. பிறகு கரத்தை ஆடியது, ஆட்கள் ஏறினார்கள், மாடு நடந்தது.

தம்பி உள்ளே வரவில்லை. வராததை உம்மா பெரிதாக எடுக்கவில்லை. அவன் சொன்னதைக் கேட்டு உள்ளே வரும் பிள்ளையும் இல்லை, வாப்பாவின் மடியில் ஏறியிருப்பான் என்று நினைத்தாள். உள்ளேதான் போய்விட்டான் என்று வாப்பா நினைத்தார். நடுவில் சீலை தொங்கியது.

கொஞ்சத்தூரம் போயிருப்போம். வியாபாரியின் குரல் பெரிது. மாட்டு விலை, தோல் விலை என்று நிறுத்தாமல் கதைத்தார். உம்மா தங்கச்சியை மடியில் போட்டபடி காதைக் கூர்மையாக்கி இருந்தாள். அவள் முகம் மாறுவதைக் கண்டேன். இவ்வளவு நேரம் தம்பி சத்தமில்லாமல் இருந்ததே இல்லை.

விசிறிக் காம்பால் குத்தினாள். வாப்பா அசைந்து உட்கார்ந்தார். மறுபடி குத்தினாள். வாப்பா கையைப் பின்னால் கொண்டுவந்து காம்பைத் தள்ளிவிட்டார். பக்கத்தில் வெளி ஆள் இருக்கும்போது பெண்சாதியிடம் குத்து வாங்குவது வெட்கம். உம்மா என் தோளைப் பிடித்து முன்னே தள்ளினாள். "கேளு, அவன் அங்கயா எண்டு."

நான் சீலைக்கடியால் தலையை நீட்டினேன்.

"பொம்புளப் புள்ள, உள்ள போ!" என்றார் வாப்பா.

"தம்பி எங்க வாப்பா?"

"உள்ளதானே ஈக்கிறான்?"

"இல்லயே."

வாப்பா, கரத்தை நிற்பதற்கு முன்னே குதித்துவிட்டார். வியாபாரியும் குதித்தார். "நீங்க அசைய வாணாம், உள்ளயே இரிங்க" என்று சீலையைப் பார்த்துச் சொல்லிவிட்டு இருவரும் கடைத்தெருப் பக்கம் ஓடினார்கள். வாப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார் என்று கரத்தைக்காரர் பிறகு சொன்னார்.

உள்ளயே இரிங்க என்றால் இருக்கவேண்டும். உம்மா கொஞ்ச நேரம் இருந்தாள். அவள் உதடு ஓதிக்கொண்டிருந்தது. பிறகு ஓதுவது நின்றது. "கடைக்கா போயிருப்பான்?" என்று என்னைக் கேட்டாள். என் பதிலுக்கு நிற்கவில்லை. தங்கச்சியை என் மடியில் போட்டாள். பின்சீலையை இழுத்து அவிழ்த்தாள், குதித்தாள்.

"நோனா! நோனா, எறங்க வாணாம்!" என்று கரத்தைக்காரர் கத்தினார். அவர் ஒரு வயதான சிங்கள மனிதர். முதலாளி வந்தால் தன்னைத்தான் கேட்பார் என்ற பயம் அவருக்கு.

உம்மா ஓடினாள். என் உம்மா ஓடி நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. சாரியை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முக்காடு தோளில் விழ, நடுரோட்டில் ஓடினாள். எதிரே வந்த ஆட்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். கரத்தைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு கரத்தையைத் திருப்பி அவள் பின்னால் ஓட்டினார். உள்ளே மூட்டைகளும் கோழியும் நானும் தங்கச்சியும் ஒன்றின் மேல் ஒன்றாக உருண்டோம்.

வாப்பா கடை கடையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். உம்மா கடைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே ஆற்றுக்கு இறங்கினாள். ஆனைகள் படுத்திருந்த இடத்தில், இடுப்பளவு தண்ணீரில், ஒரு பாகர் தம்பியைப் பிடித்து ஆனையின் விலாவில் உட்காரவைத்திருந்தார். தம்பி கையில் தேங்காய் மட்டை. ஆனையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். உம்மா அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். ஆற்றங்கரையில் குளித்துக்கொண்டிருந்த அத்தனை ஆண்களும் திரும்பினார்கள். அவள் நிற்கவில்லை. தண்ணீருக்குள் நடந்து போய் அவனைப் பிடுங்கி எடுத்தாள். அவன் உதைத்தான், கடித்தான், ஆனையிடம் விடு என்று அழுதான்.

கரத்தையில் நாங்களும் ஓடிவந்த வாப்பாவும் ஒரே நேரத்தில்தான் கரைக்கு வந்து சேர்ந்தோம். நான் தங்கச்சியை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கி நின்றேன். வாப்பாவுக்கு மூச்சு வாங்கியது. தம்பியைக் கண்டதும் கண் கலங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு உம்மாவைக் கண்டார். முக்காடில்லை, சாரி நனைந்து ஒட்டியிருக்கிறது, சுற்றிலும் ஆண்கள். அவர் முகம் கறுத்தது.

"போதும். ஊட்டுக்குப் போவோம். இது போற பயணமில்ல" என்றார். அதை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தவரைப் போலச் சொன்னார்.

உம்மாவை ஏச அவருக்கு வாய் வரவில்லை. தம்பியை அடிக்கக் கை வரவில்லை. எதிரே நான்தான் நின்றேன்.

"நீ என்னத்தப் பாத்துட்டு இருந்த?" என்று என் கன்னத்தில் அறைந்தார். தங்கச்சி என் இடுப்பிலிருந்து நழுவப் பார்த்தாள். நான் அவளை விடாமல் பிடித்துக்கொண்டு கத்தி அழுதேன். நான் எதைப் பார்ப்பது? சீலையையா? என்னை உள்ளே போ என்றது யார்?

"என்ன மனிசன் நீங்க, சின்னப் புள்ளக்கிப் போய் அடிக்கிறயா?" என்றார் மாட்டு வியாபாரி. பாகர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாப்பா தன் கையைப் பார்த்தார்.

நான் உம்மாவைப் பார்த்தேன். இப்போது கேட்பாள் என்று பார்த்தேன். உப்புக்கே நாக்கைக் கழுவச் சொன்னவள், இதற்கு என்ன சொல்வாள் என்று பார்த்தேன். அவள் என்னையும் பார்த்தாள், வாப்பாவையும் பார்த்தாள். முக்காட்டை இழுத்துப் போட்டாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு ஒரு சொல் சொல்லாமல் கரத்தைக்குள் ஏறி உட்கார்ந்தாள். நானும் ஏறினேன்.

கரத்தைக்காரர் வாப்பாவிடம், "எந்தப் பக்கம் முதலாளி?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் நான் மட்டும்தான் அழுதுகொண்டிருந்தேன். உம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்குறணைக்குப் போ" என்றார் வாப்பா. குரல் இறங்கியிருந்தது.

மாடு நடந்தது. உம்மா கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். ஆற்றுத் தண்ணீரில் அந்தக் கை குளிர்ந்து கிடந்தது. நான் அதைத் தட்டிவிட்டேன்.

அவள் அங்கே வாயைத் திறந்திருந்தால் வாப்பாவும் திறந்திருப்பார். அந்தச் சண்டையோடு கரத்தை கண்டிக்குத்தான் போயிருக்கும். இதை விளங்கிக்கொள்ள நானும் கலியாணம் முடித்து, பிள்ளை பெற்று, வாயை மூடிக்கொள்ளவேண்டிய இடங்களில் நின்று பார்க்கவேண்டியிருந்தது. அவள் செய்தது சரிதான் என்று இப்போது சொல்வேன். ஆனால் கன்னம் என்னுடையது. அவள் என்னைக் கேட்டுக்கொண்டு அதைப் பயணத்துக்கு விலையாகக் கொடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பின்னேரம் சாச்சியின் வீடு முழுக்கப் பெண்கள். உம்மா காய்ந்த சாரியோடு பாயில் சப்பணம் போட்டு உட்கார்ந்து சாச்சியின் உள்ளங்கையில் மருதோன்றி வைத்தாள். யாரோ எதையோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சாச்சி என்னைக் கண்டுவிட்டு, "புள்ளட கன்னம் வீங்கி ஈக்கிதே, என்ன?" என்று கேட்டாள்.

"கரத்தை குலுங்கினதில பட்டிட்டு" என்றாள் உம்மா, என்னைப் பார்க்காமல். பிறகு, "இங்க வா, ஒனக்கும் வெக்கிறன்" என்று கையை நீட்டினாள்.

நான் போகவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலருகில் நின்றேன். அடித்தவர் வெளியே ஆண்களோடு இருந்து பலகாரம் தின்றுகொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு அப்போது கோபமே இல்லை. எல்லாம் உம்மாவின் மேல்தான் இருந்தது. இவ்வளவு நடந்த பிறகும் ஒரு மனுஷியால் எப்படி இப்படிச் சிரிக்க முடிகிறது என்று அவளையே முறைத்துக்கொண்டு நின்றேன்.