மாமியார் சொன்னதை எழுதினேன்

என் கவிதைத் தொகுப்புகள் வந்தபோது எனக்குப் பயம் இருந்ததில்லை. செஞ்சிப் பக்கம் வல்லத்தில் எங்கள் வீட்டில் யாரும் கவிதை படிப்பதில்லை. கணவர் அட்டையைப் பார்த்து, "நல்லா இருக்குது" என்பார். மாமியாருக்கு எழுத்தே தெரியாது. நாடகத்துக்குப் படிப்பு வேண்டாம், காது இருந்தால் போதும் என்பதை நான் யோசிக்கவேயில்லை.

செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் எழுதிய நாடகம். வீட்டில் சொல்லாமல்தான் போயிருந்தேன். ஆரம்பிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது கணவர் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். டீக்கடைச் சுவரில் நோட்டீஸைப் பார்த்தாராம்.

"நீ எழுதுனத எம்மாவும் பாக்கட்டுமேன்னு இட்டாந்தேன்" என்று சிரித்தார்.

நாடகத்தின் நடுவில் ஒரு காட்சி வரும். அது மாமியார் என்னிடம் சொன்னது. ஓர் அமாவாசையன்று மேல்மலையனூரிலிருந்து திரும்பும்போது, பஸ் நெரிசலில் என் தோளைப் பிடித்து நின்றபடி, காதோடு சொன்னார். கல்யாணமான புதிதில், என் மாமனாரின் அடி தாங்காமல் கைக்குழந்தையோடு வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறார். தொண்டூர்ப் பாறையில், அந்தக் காலத்துச் சமணர்களின் கல் படுக்கை ஒன்றில் குழந்தையைக் கிடத்திவிட்டு நடந்திருக்கிறார். மணிலாக் கடலைக் கொல்லைகளைத் தாண்டிய பிறகுதான் திரும்பி ஓடிவந்து தூக்கினாராம். "யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

அந்தக் குழந்தைதான் என் கணவர்.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். தாயாக நடிக்கும் பெண்ணிடம், "பாறை சீன் இன்னிக்கி வேணாம்மா" என்றேன்.

"இன்னாக்கா, வெளையாடுறீங்களா? அத எடுத்துட்டா நான் இன்னா பேசறது?"

காட்சி வந்தது. நான் சுவரோரம் நின்று அவர்கள் உட்கார்ந்திருந்த இரண்டாவது வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெயரை மாற்றியிருந்தேன். பேச்சை மாற்றவில்லை. "பாசத்துல திரும்பல. மாருல பால் கட்டிக்கினு வலிச்சுது, அதான் திரும்புனேன்" என்று அந்தப் பெண் சொன்னபோது, மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

அன்று சாப்பிடும்போது கணவர், "நல்லாத்தான் இருந்துது. ஆனா பெத்தவ அப்டி உட்டுட்டுப் போவாளா? நம்புற மாதிரி இல்ல" என்றார். மாமியார் அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் எனக்கு மூச்சாவது வந்திருக்கும்.

மறுநாள் கணவர் வேலைக்குப் போனதும் மாமியார் என் மேஜைக்கு வந்தார்.

"இன்னும் இன்னா இன்னா எழுதி வச்சிருக்க?"

முடியும் நிலையில் ஒரு நாவல் இருந்தது. "இதுலயும் இருக்குது அத்த" என்றேன்.

"படி."

நாலு மதியங்கள் படித்தேன். பாறை வரும் பக்கத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

"திரும்பிப் பாக்காம போனாள்னு எழுதியிருக்கற. பாத்தேன். மூணு தபா பாத்தேன். அத எழுது."

அங்கேயே திருத்தினேன். பேனாவை மூடும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "நான் போனதுக்கு அப்பால இத புஸ்தகமா போடு. அவன் கேக்கும்போது நான் இருக்கக் கூடாது."

சரி என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் இன்றுவரை என்னைப் படுத்துகிறது.

போன மாதம் மாமியாருக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வராந்தாவில் நிற்கும்போது பதிப்பாளர் போன் செய்தார். "நாவல் எப்ப தருவீங்க?" என்று கேட்டார். வாய்வரை வந்த பதில், "சீக்கிரம் வந்துடும்." சொல்லாமல் போனை அணைத்துவிட்டேன். மாமியார் போன பிறகுதான் அது வர முடியும்.

நல்லபடியாக வீடு திரும்பிவிட்டார். இப்போது அவர் இருமினால் நான்தான் முதலில் ஓடுகிறேன். கணவர் அதைப் பார்த்து, "எம்மா மேல இன்னா பாசம்!" என்கிறார்.